குலைநோய்ப் பூசணத்தின் சுவரைக் கட்டும் மரபணுக்கள்

மார்கழி மாதத்தின் பிற்பகுதியில் தஞ்சை வட்டாரத்துச் சம்பா வயல்களின் வரப்பில் விடியற்காலையில் நடந்து செல்வோர், சில ஆண்டுகளில் மனம் வருந்தத்தக்க ஒரு காட்சியைக் காண நேர்கிறது. பயிர் செழிப்பாக வளர்ந்து கதிரும் வெளிவந்திருக்கும். தொலைவிலிருந்து நோக்கினால் விளைச்சல் முற்றிவிட்டது போன்ற தோற்றம். அருகில் சென்று ஒரு கதிரைக் கையில் ஏந்தினாலோ அதில் கனமே இராது. மணிகள் பெரும்பாலும் பதராகியிருக்கும். கதிரின் கழுத்துப் பகுதி கருத்து, அவ்விடத்திலேயே ஒடிந்து தொங்கும். உழுது, நாற்றுவிட்டு, நடவு செய்து, களையெடுத்து, உரமிட்டு, செலவு யாவற்றையும் செய்து முடித்த பின்னர், அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கும்போது நேரும் இழப்பு ஆதலால், குலைநோய் என்ற பெயரைக் கேட்டாலே விவசாயிகள் அஞ்சுவதில் வியப்பில்லை.

அத்தகைய வயலொன்றின் சொந்தக்காரர் நம்மிடம் கேட்ட ஒரு கேள்வியே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. "ஐயா, மருந்து தெளித்தால் அது பயிர்மேலும் விழுகிறது, பூசணத்தின்மேலும் விழுகிறது. இரண்டும் உயிருள்ளவைதாமே? பயிரை விட்டுவிட்டுப் பூசணத்தை மட்டும் தாக்க வேண்டும் என்று அந்த மருந்துக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காணவே உலகின் பல ஆராய்ச்சிக் கூடங்களில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். பயிரிடம் இல்லாமல் பூசணத்திடம் மட்டும் இருப்பது எது? அதை முதலில் கண்டறிய வேண்டும். அவ்வாறு கண்டறியப்பட்டவற்றுள் முக்கியமானது, பூசணத்தின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்து நிற்கும் சுவர். அச்சுவரைக் கட்டும் மரபணுக்கள் எவை, அவற்றை விஞ்ஞானிகள் எவ்வாறு அடையாளம் கண்டனர் என்பதை இங்கே கூற முற்படுகிறோம்.

நோயின் வரலாறு

இந்தியாவில் குலைநோய் முதன்முதலாகத் தஞ்சை டெல்டாப் பகுதியில்தான் 1913-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. 1919-இல் அதே பகுதியில் அது கொள்ளை நோயாகப் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. அதன் பயனாகக் கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நோயைத் தாங்கும் இரகங்களைத் தேடும் பணியில் ஈடுபட்டனர். ஆனைக்கொம்பன் நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 4 என்ற இரகம் இந்நோயை நன்கு எதிர்த்து நின்றது. அதனை ஆடுதுறை 10 என்ற இரகத்துடன் ஒட்டுச் சேர்த்துக் கோ 25 உருவாக்கப்பட்டது. அந்நாளில் இது நம் மாகாணத்திற்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது. எனினும் இப்பூசணம் ஓரிடத்தில் நிற்பதன்று. புதுப்புது இனங்களாக மாறிக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. ஆதலால் இன்று நோயைத் தாங்கும் இரகம் சில ஆண்டுகளுக்குப் பின் தாங்காமற் போவதுண்டு. பிற்காலத்தில் விளைச்சலுக்காகவும் அரிசியின் நயத்திற்காகவும் விவசாயிகள் விரும்பி ஏற்ற ஐ.ஆர். 50, பி.பி.டி. 5204 ஆகிய இரகங்கள் இந்நோய்க்கு எளிதில் இலக்காகுபவை என்பதும் யாவரும் அறிந்ததே.

நெல்லோடு மட்டும் இது நின்றுவிடவில்லை. இதே பூசணத்தின் மற்றொரு பிரிவு 1985-இல் பிரேசில் நாட்டில் கோதுமையைத் தாக்கக் காணப்பட்டது. 2016-இல் அது வங்காள தேசத்தில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் கோதுமைப் பயிரைப் பாழாக்கியது. நம் அண்டை நாடு வரை வந்துவிட்ட நோயை வெளிநாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது.

இலையைத் துளைக்கும் வித்தை

பூசணத்தின் சுவருக்கு ஏன் இத்துணை முக்கியத்துவம் என்பதை உணர வேண்டுமானால், அது இலைக்குள் நுழையும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

காற்றில் மிதந்து வரும் பூசண வித்து மூன்று அறைகளை உடையது. பேரிக்காய் போன்ற வடிவமுள்ளது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. இலையின்மேல் விழுந்து, பனித்துளியின் ஈரம் பட்டதும், அதன் நுனியிலிருந்து ஒரு பசை வெளிப்பட்டு அதனை இலையோடு ஒட்டவைக்கிறது. மழுமழுப்பான மெழுகு பூசிய நெல்லிலையின்மீது தண்ணீரே நிற்பதில்லை என்பதை நாம் அறிவோம். அத்தகைய பரப்பில் இவ்வித்து நழுவாமல் பற்றிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் அது முளைத்து, முளையின் நுனி பருத்து, குவிந்த மாடம் போன்ற ஓர் உறுப்பாக மாறுகிறது. இதனை ஒட்டுறுப்பு என்பர். ஒட்டுறுப்பின் உள்ளே கிளிசரால் என்னும் பொருள் மிகுதியாகச் சேர்கிறது. உப்பிட்ட ஊறுகாய் ஜாடியில் நீர் கசிந்து கூடுவது போல, செறிந்த கிளிசரால் வெளியிலுள்ள நீரை உள்ளிழுக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் வாயு மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு என்று கணக்கிட்டுள்ளனர். மோட்டார் காரின் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைவிட இது முப்பது மடங்குக்கும் மேல். இவ்வளவு அழுத்தத்தையும் ஒரே புள்ளியில் செலுத்தி, ஊசி போன்ற இழையொன்றினால் பூசணம் இலையின் மேல்தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடுகிறது. நான்கைந்து நாட்களில், இரு முனையும் கூர்ந்து நடுவில் சாம்பல் நிறமுள்ள கண் போன்ற புள்ளிகள் இலையில் தோன்றுகின்றன.

இந்த அழுத்தத்தைத் தாங்குவது எது? ஒட்டுறுப்பின் சுவர்தான். சுவர் வலுவிழந்தால் மாடம் வெடித்துவிடும், அல்லது அழுத்தமே ஏறாது. எனவே சுவர் இல்லையேல் குலைநோய் இல்லை என்று துணிந்து கூறலாம்.

சுவரில் உள்ள பொருள்கள்

நெற்பயிரின் உயிரணுக்களுக்கும் சுவர் உண்டு. ஆனால் அது செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. பஞ்சும் வைக்கோலும் காகிதமும் பெரும்பாலும் செல்லுலோஸே. பூசணத்தின் சுவரோ வேறு பொருள்களால் ஆனது. அவற்றுள் ஒன்று கைட்டின். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் பூச்சிகளின் மேல்தோலிலும் இருப்பது இதுவே. 1811-ஆம் ஆண்டில் ஹென்றி பிரக்கோனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தது காளான்களிலிருந்துதான். மற்றொன்று குளுக்கன், இது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உண்டாவது, பல வகைப்பட்டது. மண்சுவர் எழுப்புவோர் மூங்கில் பிளாச்சுகளை நட்டு, அவற்றின்மேல் மண்ணைக் குழைத்து அப்புவதைக் கிராமங்களில் கண்டிருக்கிறோம். கைட்டினைப் பிளாச்சு என்றும், குளுக்கனைக் குழைத்த மண் என்றும் கொள்ளலாம்.

கைட்டின் நெற்பயிரிடமும் இல்லை, மனிதரிடமும் கால்நடைகளிடமும் இல்லை. ஆகவே கைட்டினைக் கட்டும் வேலையை மட்டும் நிறுத்தக்கூடிய ஒரு பொருள் கிடைக்குமாயின், அது பூசணத்தைத் தாக்கும். பயிரையும் உண்போரையும் விட்டுவிடும் என்று எதிர்பார்க்கலாம். நம் விவசாயியின் கேள்விக்கு இதுவே விடையின் முதற்பகுதி. (இன்று கடைகளில் உள்ள பூசணக்கொல்லிகள் யாவும் சுவரைத் தாக்குவன என்று கருதிவிடக் கூடாது, அவற்றுட் பல வேறு வழிகளில் வேலை செய்பவை.)

இது வெறும் கற்பனையன்று. 1965-இல் ஜப்பான் நாட்டு விஞ்ஞானிகள், ஆசோ மலைப் பகுதியின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் சுரக்கும் பாலியாக்சின் என்ற பொருளைக் கண்டுபிடித்தனர். அது பூசணங்கள் கைட்டின் கட்டுவதைத் தடுக்கிறது. நெல்லின் இலையுறைக் கருகல் நோய்க்கு அது அந்நாட்டில் மருந்தாயிற்று. ஆயினும் எல்லாப் பூசணங்களும் அதற்கு ஒரே விதமாகப் பணிவதில்லை. ஏன் என்று ஆராயும்போதுதான் மரபணுக்களின் செய்தி வெளிப்பட்டது.

ஈஸ்ட் காட்டிய வழி

உயிரணு ஒன்றில் எந்தப் பொருளும் தானாக உண்டாவதில்லை. அதனை உண்டாக்க நொதிகள் எனப்படும் புரதங்கள் தேவை. ஒவ்வொரு புரதத்தையும் செய்வதற்கான குறிப்பு ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. கைட்டினைக் கட்டும் நொதி கொத்தனார் என்றால், அக்கொத்தனாரை அனுப்பிவைக்கும் ஓலை மரபணு. ஓலையைக் கிழித்துவிட்டால் கொத்தனார் வரமாட்டார்.

முதல் ஓலை கிடைத்தது நோய் விளைக்கும் பூசணத்தில் அன்று. ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்டில். ஈஸ்டும் பூசண இனத்தைச் சேர்ந்ததே. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஈஸ்டிலிருந்து கைட்டின் நொதியின் மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதை அழித்துவிட்டால் ஈஸ்டில் கைட்டின் இராது என்று எதிர்பார்ப்பது இயல்புதானே? அழித்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் பிழைத்திருந்தது, அதன் சுவரில் கைட்டினும் இருந்தது! கொத்தனார் ஒருவர் அல்லர், வேறு சிலரும் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அடுத்த ஐந்தாண்டுகளில் இரண்டாவதும் மூன்றாவதும் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாவது பழுது பார்ப்பதோடு சரி; இரண்டாவது உயிரணு இரண்டாகப் பிரியும்போது நடுவே தடுப்பு எழுப்புகிறது; சுவரின் பெரும்பாலான கைட்டினை மூன்றாவதே கட்டுகிறது. முதலில் அகப்பட்டவரே தலைமைக் கொத்தனார் என்று நினைத்தது தவறாயிற்று.

மூன்றாவது மரபணு அகப்பட்ட விதம் சுவையானது. துணிகளுக்கு வெண்மை கூட்டுவதற்காகச் சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் கால்க்ஃபுளோர் என்ற பொருள் கைட்டினில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. ஒட்டிக்கொண்டால் சுவர் சீராக அமையாமல் ஈஸ்ட் நலிந்து மடிகிறது. கோடிக்கணக்கான ஈஸ்ட் உயிரணுக்களைக் கால்க்ஃபுளோர் கலந்த ஊட்டத்தில் வளர்த்து, அதில் சாகாமல் எஞ்சியவற்றை விஞ்ஞானிகள் பொறுக்கி எடுத்தனர். அவை ஏன் சாகவில்லை? பொருள் ஒட்டுவதற்குரிய கைட்டினே அவற்றின் சுவரில் மிகக் குறைந்துபோயிருந்தது. அவற்றில் பழுதுபட்டிருந்த மரபணு எது என்று தேடியபோது மூன்றாவது கொத்தனாரின் ஓலை கைக்கு வந்தது. வெள்ளை வேட்டிக்கு மெருகூட்ட உண்டாக்கிய சரக்கு, பூசணத்தின் சுவரைப் பற்றி இவ்வளவு சொல்லும் என்று அதைச் செய்தவர் எண்ணியிருக்கமாட்டார். இன்றளவும் பூசணத்தின் சுவரில் கோளாறு உண்டா என்று சோதிக்க ஆராய்ச்சிக் கூடங்களில் இதுவே முதற்பரீட்சையாக உள்ளது.

குலைநோய்ப் பூசணத்தில் தேடல்

2005-ஆம் ஆண்டில் குலைநோய்ப் பூசணத்தின் மரபுச் செய்தி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. பயிர்களுக்கு நோய் செய்யும் பூசணங்களுள் முதன்முதலாக அவ்வாறு படிக்கப்பட்டது இதுவே. ஏறத்தாழ 11,000 மரபணுக்கள் அதில் உள்ளன என்று கணக்கிட்டனர். ஈஸ்டின் கைட்டின் மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அவற்றை ஒத்த ஏழு மரபணுக்கள் இதில் இருப்பது தெரிந்தது. ஆனால் ஒத்திருப்பது மட்டும் போதாது. ஏழு பேரின் பெயர்களும் பட்டியலில் கிடைத்துவிட்டன. இன்ன வேலையை இன்னார் செய்கிறார் என்பதைப் பட்டியல் சொல்லாது. அதை அறிய வழி ஒன்றுதான்: ஒவ்வொருவராக வேலையிலிருந்து நிறுத்திப் பார்ப்பது.

இதைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். குறிப்பிட்ட ஒரு மரபணுவை நீக்கவேண்டுமானால், அதன் இடப்புறத்தும் வலப்புறத்தும் உள்ள பகுதிகளை அப்படியே படியெடுத்து, நடுவில் அம்மரபணுவுக்குப் பதிலாக வேறொன்றை வைத்துத் தைக்கிறார்கள். நடுவில் வைப்பது, ஹைக்ரோமைசின் என்ற நஞ்சைத் தாங்கும் சக்தியைத் தரும் மரபணு. இதனைப் பூசணத்தின் உயிரணுவுக்குள் செலுத்த வேண்டும். செலுத்துவதற்குத் தடையாக நிற்பதோ, நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அந்தச் சுவரே! எனவே முதலில் சுவரைக் கரைக்கும் நொதிகளில் பூசண இழைகளை ஊறவைத்துச் சுவரை அகற்றிவிடுகின்றனர். சுவரை இழந்த உயிரணு நீர்க்குமிழி போன்றது. சாதாரண நீரில் இட்டால் வெடித்துவிடும். ஆதலால் தக்க அளவு உப்போ சர்க்கரையோ கலந்த கரைசலில் அதைக் காப்பாற்றி, மாற்று மரபணுவை உள்ளே செலுத்தி, மீண்டும் சுவர் கட்டிக்கொள்ள அவகாசம் தருகின்றனர். பின்பு ஹைக்ரோமைசின் கலந்த ஊட்டத்தில் வளர்த்தால், மாற்று மரபணுவை ஏற்றவை மட்டும் பிழைக்கின்றன.

பிழைத்தவை எல்லாம் வேண்டியவையும் அல்ல. பலவற்றில் மாற்று மரபணு, உரிய இடத்தில் அமராமல் வேறெங்கோ போய் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் பரிசோதித்து, பழைய மரபணு இருந்த இடத்திலேயே புதியது அமர்ந்திருப்பவற்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதன் பிறகே உண்மையான பரீட்சை. பூசணம் தட்டில் எவ்வளவு வேகமாகப் படர்கிறது, வித்துக்கள் எத்தனை, அவற்றின் வடிவம் என்ன, கால்க்ஃபுளோரைத் தாங்குகிறதா, ஒட்டுறுப்பு உண்டாகிறதா என்று பார்க்கின்றனர். கடைசியில் நெல் நாற்றுக்களின்மேல் வித்துக்களைத் தெளித்து, நோய் வருகிறதா இல்லையா என்று நோக்குகின்றனர். நோய் வரவில்லையானால் இன்னொரு சோதனையும் உண்டு. நீக்கிய மரபணுவை மறுபடியும் அதே பூசணத்திற்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நோய் செய்யும் வல்லமை திரும்பிவந்தால்தான், குறைபாட்டுக்குக் காரணம் அம்மரபணுவே என்று உறுதியாகிறது. கணக்கைப் போட்டபின் சரிபார்ப்பது போன்ற இந்த நேர்மையை நாம் மிகவும் மதிக்கிறோம்.

ஏழு பேரில் யார்?

சீன விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து ஏழு மரபணுக்களையும் ஒவ்வொன்றாக இவ்விதம் நீக்கிப் பார்த்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏழினுள் மூன்று மட்டுமே நோய் விளைப்பதில் முக்கியப் பங்கு கொண்டவை என்று தெரிந்தது. அவை முதலாவது, ஆறாவது, ஏழாவது ஆகியவை.

முதலாவதை நீக்கியபோது வித்துக்களே கோணலாயின. பெரும்பாலானவற்றில் அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர் இல்லை. நுனியில் வரவேண்டிய பசையும் இல்லை. பசையில்லாத வித்து இலையில் எவ்வாறு நிற்கும்? நோய் வெகுவாகக் குறைந்தது.

ஏழாவதன் நடத்தை விசித்திரமானது. கண்ணாடிபோல் மழுமழுப்பான செயற்கைப் பரப்பில் வைத்தால், அது நீக்கப்பட்ட வித்தின் முளை ஒட்டுறுப்பை உண்டாக்குவதில்லை. நெல்லிலையில் வைத்தால் உண்டாக்குகிறது. ஆனால் அதனால் இலையைச் சரிவரத் துளைக்க முடிவதில்லை. ஆராய்ச்சிக் கூடத் தட்டில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டியிருந்தால் பாதி உண்மையே கிடைத்திருக்கும். பயிரின்மீதே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நம் விவசாயிகள் எப்போதும் சொல்வது இங்கே மெய்யாயிற்று.

யாவற்றினும் முக்கியமானது ஆறாவது. அதை நீக்கிய பூசணம் மெதுவாகவே படர்ந்தது, வித்துக்களும் குறைந்தன. நெல்லின்மேல் தெளித்தபோது நோயே தோன்றவில்லை. அதனால் இலைக்குள் புகவும் இயலவில்லை, உள்ளே பரவவும் இயலவில்லை. இந்த ஆறாவது மரபணு செய்யும் நொதியில் வேறொரு புதுமையும் உண்டு. நம் தசைகள் சுருங்கி விரிவதற்குக் காரணமான மயோசின் என்ற புரதத்தை ஒத்த ஒரு பகுதி அதோடு இணைந்திருக்கிறது. கொத்தனாரும் அவருடைய வண்டியும் ஒன்றாகவே படைக்கப்பட்டது போன்ற அமைப்பு இது. ஐந்தாவதும் இதே வகையைச் சேர்ந்தது. ஐந்தாவதை மட்டும் நீக்கினால் ஒரு குறையும் தெரியவில்லை. ஐந்தையும் ஆறையும் சேர்த்து நீக்கினால், ஆறை மட்டும் நீக்கியதைக் காட்டிலும் பூசணம் அதிகமாக நலிகிறது. அதாவது ஆறாவது வராத நாட்களில் ஐந்தாவது கொஞ்சம் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறது. தனியே நீக்கியபோது மாற்றம் தெரியாததால் அந்த மரபணு வீண் என்று தள்ளிவிடலாகாது என்பது இதனால் புலனாகும்.

முகமூடி

சுவரைப் பற்றிய ஆராய்ச்சியில் எதிர்பாராத மற்றொரு செய்தியும் கிடைத்தது. நெற்பயிர் வாயில்லாதது ஆயினும், தன் வாசலில் யார் வந்து நிற்கிறார் என்பதை உணரும் சக்தி அதற்கு உண்டு. பூசணத்தின் சுவரிலிருந்து சிதறும் கைட்டின் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு அபாய அறிவிப்பைக் கொடுக்கும் புரதம் நெல்லின் உயிரணுக்களின் மேற்பரப்பில் இருப்பதை ஜப்பான் விஞ்ஞானிகள் 2006-இல் கண்டறிந்தனர். பூசணம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் பயிர் கைட்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து எதிர்க்கிறது.

அப்படியானால் குலைநோய்ப் பூசணம் அகப்படாமல் நுழைவது எப்படி? இலைக்குள் புகும் வேளையில் அது தன் சுவரின் மேல் ஒருவகைக் குளுக்கனைப் பூசிக்கொள்கிறது. நெல்லிடம் அக்குளுக்கனைக் கரைக்கும் நொதி இல்லை. கீழே இருக்கும் கைட்டின் மறைந்துவிடுகிறது. இரவில் சாம்பலைப் பூசிக்கொண்டு வரும் திருடனை இது நினைவூட்டுகிறது. இந்தப் பூச்சைத் தயாரிப்பது ஒரே ஒரு மரபணு. அதனை நீக்கியபோது பூசணம் நெல்லிடம் உடனே அகப்பட்டுக்கொண்டது, நோய் உண்டாகவில்லை. மேலும் ஒருபடி சென்று, அக்குளுக்கனைக் கரைக்கும் நொதி ஒன்றை ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்து நெல்லிலேயே சுரக்கும்படி செய்தனர். அந்நெல் குலைநோயை மட்டுமல்லாது, பழுப்புப் புள்ளி நோயையும் இலையுறைக் கருகலையும் எதிர்த்து நின்றது என்று 2012-இல் அறிவித்தனர். மூன்று வெவ்வேறு பூசணங்களும் ஒரே முகமூடியைப் பயன்படுத்துகின்றன என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

வயலுக்கு எப்போது வரும்?

இவ்வளவும் தெரிந்துவிட்டது, மருந்து எங்கே என்று கேட்பது நியாயமே. இதற்கு நேரான விடை கூறுவது நம் கடமை. ஆறாவது மரபணுவைக் குறிவைத்த மருந்து என்று விவசாயிகள் கடையில் வாங்கக்கூடியது எதுவும் இல்லை. முகமூடியைக் கரைக்கும் நெல்லும் சாகுபடிக்கு வரவில்லை.

சுவரோடு தொடர்புடையதும் நம் நெல் விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்ததுமான மருந்து டிரைசைக்ளசோல். அது கைட்டினைத் தொடுவதில்லை. ஒட்டுறுப்பின் சுவருக்கு உட்புறத்தில் மெலனின் என்ற கரிய பூச்சு ஒன்று உண்டு. கிளிசரால் வெளியே கசியாமல் காப்பது அதுவே. மெலனினைச் செய்யும் மரபணுக்கள் பழுதடைந்தால் கறுப்புப் பூசணம் வெள்ளையாகவோ ரோஜா நிறமாகவோ மாறிவிடுகிறது. அத்தகைய பூசணத்தால் முழு இலையைத் துளைக்க முடிவதில்லை; ஊசியால் குத்திக் காயப்படுத்திய இலையில் வைத்தாலோ நோய் வருகிறது. டிரைசைக்ளசோல் இந்த மெலனின் வேலையைத் தடுக்கிறது. ஆகவே நோய் நுழைவதற்கு முன் தெளித்தாலன்றி அதனால் பயனில்லை என்பதற்குக் காரணம் இப்போது விளங்கும். பயிரினுள் புகுந்துவிட்ட பூசணத்திற்கு மெலனின் தேவையில்லை. இம்மருந்தின் எச்சம் பற்றிய கவலையால் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் கிலோ அரிசிக்கு 0.01 மில்லிகிராம் என்று மிகக் குறைந்த வரம்பை விதித்தது. ஏற்றுமதிக்கு நெல் விளைவிப்போர் இதனை மறந்துவிடலாகாது.

ஒரே மரபணுவைக் குறிவைக்கும் மருந்துகளிடம் அளவு கடந்த நம்பிக்கை வைப்பதும் தவறு. மெலனின் வேலையின் வேறொரு கட்டத்தைத் தடுக்கும் கார்ப்ரோபமிட் என்ற மருந்து ஜப்பானில் 1998-இல் புழக்கத்திற்கு வந்தது. 2001-இலேயே அதற்குப் பணியாத பூசணம் வயல்களில் காணப்பட்டது. குறித்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அம்மாற்றமே மருந்தைப் பயனற்றதாக்கிற்று. மேலும் கைட்டின் எல்லாப் பூசணங்களுக்கும் பொது. விதைநேர்த்திக்குப் பயன்படும் டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூசணங்களிடமும் அது உண்டு. பூச்சிகளிடமும் இறால்களிடமும் உண்டு. எனவே புதிய மருந்து எதுவாயினும், ஆறாவது நொதியை மட்டும் தேர்ந்து தாக்கி மற்றவற்றை விடுகிறதா என்பதைத் தீரப் பரிசோதிக்க வேண்டும். பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை இது.

நம்பிக்கை தரும் செய்தியும் இல்லாமலில்லை. கோதுமைக் கதிர்களைத் தாக்கும் வேறொரு பூசணத்தின் கைட்டின் மரபணு ஒன்றை அடக்கக்கூடிய குறிப்பைக் கோதுமைக்குள்ளேயே வைத்து, அக்கோதுமை நோயை எதிர்ப்பதைச் சீன விஞ்ஞானிகள் 2015-இல் காட்டினர். கிழிக்கப்பட வேண்டிய ஓலை எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தமையால்தான் அது கைகூடிற்று.

அதுவரை விவசாயி கைக்கொள்ளத் தக்கவை பழைய முறைகளே. தழைச்சத்தை ஒரே முறையாக மிகுதியாக இட்டால் பயிரின் இலை மென்மையாகிக் குலைநோய்க்கு இடங்கொடுக்கும். அதைப் பிரித்து இடுதல் வேண்டும். சாம்பலும் உமிச்சாம்பலும் தரும் மணற்சத்து பயிரின் சொந்தச் சுவரை உறுதிப்படுத்துகிறது. நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்கலாகாது. விதைக்கும்போது கிலோ ஒன்றுக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யலாம். இரவில் குளிரும், காலையில் இலையில் நெடுநேரம் பனியும், மேகமூட்டமும் தூறலும் சேர்ந்து சில நாட்கள் தொடர்ந்தால், புள்ளிகள் தோன்றும்வரை காத்திராமல் வேளாண்மை அலுவலரைக் கலந்து, அப்போது அனுமதிக்கப்பட்டுள்ள மருந்தைக் கேட்டறிய வேண்டும்.

கேள்வி கேட்ட விவசாயியிடம் இவற்றையெல்லாம் கூறினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "பூசணத்துக்கு ஏழு கொத்தனார் என்றால் என் பயிருக்கு எத்தனை பேர்?" என்று வினவினார். நெல்லின் செல்லுலோஸ் சுவரைக் கட்டுவதற்கும் தனித்தனி மரபணுக்கள் உண்டு, அவற்றுள் சில பழுதடைந்தால் வைக்கோல் தானே முறிந்துவிடும் என்று சொன்னோம். அடுத்த சம்பாவுக்கு வேறு இரகம் நடப்போவதாகவும், யூரியாவை மூன்று தவணையாகப் பிரித்து இடப்போவதாகவும் அவர் கூறி, கருத்த கழுத்துள்ள கதிர்கள் சிலவற்றை ஒடித்து, வேளாண்மை அலுவலரிடம் காட்டுவதற்காகக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.